லொறியில் வந்தது மண்ணா, கிறவலா?

தெஹிவளைக்காரி:

வீட்டுக்குப் பின்னால் பதினைந்துக்கு இருபது அடியில் ஒரு துண்டு வளவு சும்மா கிடந்தது. பள்ளம், மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். தோட்ட மண் வேண்டும் என்று சொல்லி ஒரு கியூப் (நூறு கன அடி) இறக்கினேன். வந்தது நல்ல சிவப்பு, பார்க்கவே ஆசையாக இருந்தது, இறக்கிய பையன்களும் "எதை நட்டாலும் வரும் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெண்டி, கொச்சிக்காய், கறிவேப்பிலை மூன்றும் வைத்தேன். வெண்டி ஒரு சாண் வந்து மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டது. மழை என்றால் கஞ்சி, இரண்டு நாள் வெயில் அடித்தால் அலவாங்கு போட்டாலும் இறங்காது. மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் மண்ணில் கனியம், சேதனப் பொருள், நீர், வளி, உயிரினங்கள் இருக்கின்றன என்று படம் போட்டிருக்கிறது. சரி, அந்தக் கணக்கில் என் கியூப்பில் எது குறைகிறது? பசளை விளம்பரம் மட்டும் வேண்டாம், தயவுசெய்து. எதனால் ஆனது என்று தெரிந்தால்தானே எதைச் சேர்ப்பது என்று யோசிக்கலாம்.

மருதானை_நானா:

தங்கச்சி, யோசிக்க ஒன்றுமில்லை. கொஹுபத் (தேங்காய்த் தும்புத் தூள்) ரெண்டு மூட்டை, மாட்டெரு ரெண்டு மூட்டை, கொஞ்சம் மணல். கலந்துவிட்டால் முடிந்தது. நான் மொட்டை மாடியில் பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

கொங்கிரீட்தம்பி:

படம் போட்டிருக்கலாமே அக்கா. சொல்வதைப் பார்த்தால் அது வளவு நிரப்பும் கிறவல், அதாவது சரளை கலந்த செம்மண் மாதிரி இருக்கிறது. எங்கள் துறையில் அதுதான் 'நல்ல மண்'. ஓர் இடத்தில் கட்டடம் வருகிறது என்றால் முதல் வேலையே மேலே இருக்கும் கறுப்பு மண்ணைச் சுரண்டி எறிவதுதான், ஏனென்றால் அதில் வேரும் உக்கலும் இருக்கும், உக்கினால் நிலம் தாழும். பிறகு இந்தச் சிவப்பை லேயர் லேயராகப் போட்டு ரோலர் விட்டு இறுக்குவோம்.

நானா சொல்லும் மணலைப் போடாதீர்கள். களிக்குள் கொஞ்சம் மணலும் சல்லியும் சேர்ந்தால் பெரியதின் இடுக்கில் சிறியது போய் உட்கார்ந்து இன்னும் இறுகும். நாங்கள் பாதையோரத்துக்கு வேண்டுமென்றே தேடிப் பிடிப்பது அந்தக் கலவையைத்தான். மணல் வேலை செய்ய வேண்டுமென்றால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அவ்வளவு மணல் வாங்கும் காசுக்கு ஒரு வருடத்துக்கு மரக்கறியே வாங்கிவிடலாம்.

மண்வெட்டி_ஐயா:

வெள்ளவத்தையில் மகனின் பிளாட்டில் இருக்கிறேன், மண்ணைக் கண்டு நாளாகிறது, அதனால் கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன்.

பிள்ளை, புத்தகத்தில் உள்ள படத்துக்கு ஒரு கணக்கு உண்டு. செடி நன்றாக வளரும் ஒரு மேல்மண்ணைக் கனவளவாகப் பார்த்தால் ஏறக்குறைய 45 வீதம் கனியம், 5 வீதம் சேதனப் பொருள், மீதிப் பாதியில் 25 நீர், 25 வளி. இதில் எல்லாரும் அந்த 5 வீதத்தைப் பற்றித்தான் சண்டை பிடிப்பார்கள். நான் மற்றப் பாதியைப் பற்றிக் கேட்கிறேன். நீங்கள் ஒரு கியூப்புக்குக் காசு கொடுத்தீர்கள், நல்ல தோட்ட மண்ணாக இருந்தால் அதில் அரைக் கியூப் வெறும் இடைவெளியாக இருந்திருக்க வேண்டும். அதுதான் உங்களுக்கு வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் நினைப்பது போதாது, பாருங்கள். ஜாம் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. பத்து நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். முதல் ஒரு நிமிடத்தில் அடியில் இறங்குவது மணல், இரண்டு மணித்தியாலத்தில் அதன்மேல் படிவது அடையல் (வண்டல் என்று சொல்பவர்களும் உண்டு), அதற்குப் பிறகும் தண்ணீரைக் கலங்கலாக வைத்துக்கொண்டு நாள்கணக்கில் இறங்காமல் அடம்பிடிப்பது களி. 2 மில்லிமீற்றருக்கு மேல் உள்ளதை மண் கணக்கில் சேர்ப்பதில்லை, அது கல், முதலே அரித்து எடுத்துவிடுங்கள். மணல் என்றால் 2 இலிருந்து 0.05 மில்லிமீற்றர் வரை, அடையல் 0.002 வரை, அதற்குக் கீழே எல்லாம் களி.

தெஹிவளைக்காரி:

செய்தேன் ஐயா. தேயிலை வடியில் அரித்தபோதே மூன்றில் ஒன்று கல்லாகப் போய்விட்டது! மீதியைப் போத்தலில் போட்டால் அடியில் ஒரு விரல் தடிப்பு மணல், அதன்மேல் மெல்லியதாக ஒரு படை, அதற்கு மேலே ரெண்டு நாளாகத் தண்ணீர் பால்தேநீர் நிறத்திலேயே நிற்கிறது. மகள் அதைப் பாடசாலைக்குக் கொண்டுபோகப் போகிறாளாம்.

சும்மா_வாசிப்பவன்:

ஒரு கியூப் காசு கொடுத்து மூன்றில் ஒன்று கல் 😅

மண்வெட்டி_ஐயா:

களி அதிகம் என்பது தெரிந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை, இந்தச் சிவப்பு மண்ணில் இரும்பு ஒட்சைட்டு பசை மாதிரி நின்று களித்துணிக்கைகளை ஒட்டி வைத்திருக்கும், அதனால் களியில் ஒரு பகுதி அடையல் மாதிரி நடித்துக்கொண்டு சீக்கிரம் இறங்கிவிடும். அதாவது உங்கள் போத்தல் காட்டுவதைவிடவும் உண்மையில் களி கூடுதலாக இருக்கலாம்.

கொழும்பைச் சுற்றி இந்தச் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மழை. வருடத்துக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழையும் விடாத வெக்கையும் சேர்ந்து இலட்சக்கணக்கான வருடமாகப் பாறையை அரித்து, கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம் என்று கரையக்கூடியதையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. கழுவ முடியாமல் மிஞ்சியது இரும்பும் அலுமினியமும் கயோலினைற்று (கயோலின்) என்ற வெள்ளைக் களியும். கயோலின் வேண்டுமென்றால் தூரப் போகத் தேவையில்லை, உங்களுக்குப் பக்கத்தில் பொரலஸ்கமுவவிலேயே அதன் படிவு இருக்கிறது. இந்த மிச்சம் வெயில்பட்டுக் கல்லாக இறுகினால் அதுதான் கபொக் கல், பழைய வீட்டு மதிலெல்லாம் அதுதானே. 1807 இல் புக்கனன் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் மலபாரில் ஆட்கள் இதைச் செங்கல் மாதிரி வெட்டுவதைப் பார்த்துத்தான் செங்கல்லுக்கான இலத்தீன் சொல்லை வைத்து லற்றரைற்று என்று பெயர் போட்டார். நீங்கள் வெண்டி நட்டது ஒரு வகையில் பாதிச் செங்கல்லில்.

எல்லாக் களியும் இப்படியில்லை. முருங்கனில் வேலை செய்தபோது கறுப்பு மண் கோடையில் வெடித்துக் கை முழுதாக உள்ளே போகும், மழைக்கு வீங்கி மூடிக்கொள்ளும், சைக்கிள் சில்லில் ஒட்டினால் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அது வேறு களி. ஒரு கிராமில் நூற்றுக்கணக்கான சதுர மீற்றர் மேற்பரப்பு இருக்கும், அந்த மேற்பரப்பில் எதிர் மின்னேற்றம், அதில்தான் பொட்டாசியம், கல்சியம், அமோனியம் எல்லாம் ஒட்டிக்கொண்டு செடிக்காகக் காத்திருக்கும். கயோலினைற்றில் அந்தப் பரப்பு பத்து இருபது சதுர மீற்றர்தான். சத்தை வைத்திருக்க இடமில்லை, போட்ட பசளை அடுத்த மழையோடு கானுக்குள் போய்விடும்.

கொங்கிரீட்தம்பி:

ஐயா, இடைவெளி பாதி என்பது எனக்கே கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. நாங்கள் இறுக்கிவிட்டு அடர்த்தி அளப்போம். அக்கா வீட்டிலேயே அளக்கலாம். பால்மா டின் ஒன்றை ரெண்டு பக்கமும் வெட்டி, நிலத்துக்குள் அப்படியே அடித்து இறக்கி, மண் குலையாமல் எடுத்து, காயவைத்து நிறுங்கள். கனியத்துணிக்கையின் அடர்த்தி லீற்றருக்கு ஏறக்குறைய 2.65 கிலோ. நிறையை அதால் பிரித்தால் திண்மம் எவ்வளவு என்று வரும், மீதி இடைவெளி. ரெண்டு இடத்தில் எடுங்கள், ஒப்பிடலாம்.

தெஹிவளைக்காரி:

சனிக்கிழமை முழுக்க இதே வேலை. டின் 800 மில்லிலீற்றர் தண்ணீர் பிடிக்கிறது. லொறி மண் காய்ந்த பிறகு 1360 கிராம். மதிலோரம் பழைய மாமரத்தடியில் எடுத்தது 960 கிராம். அதே டின்! மாமரத்தடியில் டின் கையாலேயே இறங்கியது, லொறி மண்ணில் டின்னின் வாய் நெளிந்துவிட்டது, அவர் சுத்தியலைக் கொண்டுவந்து அடிக்க வேண்டியதாயிற்று.

கொங்கிரீட்தம்பி:

லொறி மண் லீற்றருக்கு 1.7 கிலோ, மாமரத்தடி 1.2. அதாவது திண்மம் 64 வீதம், மற்றதில் 45 வீதம். இடைவெளி 36 க்கு 55. கிறவலில் இரும்பு இருப்பதால் 2.65 ஐக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும், ஆனாலும் கதை மாறாது. ஐயா சொன்னது சரி, வாயை மூடிக்கொள்கிறேன்.

நாங்கள் ரோலர் விட்டு வெளியேற்றும் காற்றைத்தான் நீங்கள் தேடுகிறீர்கள் போல. படிக்கும்போது ஒருத்தரும் இதை இப்படிச் சொல்லித் தரவில்லை.

மண்வெட்டி_ஐயா:

தம்பி, வாயை மூட வேண்டாம், உங்கள் டின் யோசனை என்னுடையதைவிட நல்லது.

அந்த 36 வீதத்திலும் ஒரு கள்ளம் இருக்கிறது. இடைவெளி எவ்வளவு என்பது பாதிக் கதை, எவ்வளவு பெரியது என்பது மற்றப் பாதி. களித்துணிக்கைகளுக்கு நடுவே இருப்பதெல்லாம் நுண்துளை, அதில் நீர் ஏறினால் இறங்காது, சிலவேளை வேராலும் உறிஞ்ச முடியாது. பெரிய துளையில்தான் மழை வடிந்து காற்று உள்ளே வரும். வேரும் மூச்சு விட வேண்டுமே பிள்ளை. உங்கள் வெண்டி மஞ்சளானது பசியால் என்பதைவிட மூச்சுமுட்டி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பொகவந்தலாவைப்பொண்ணு:

ஐயா ஒரு சந்தேகம். 45, 25, 25, 5 என்பது எங்கே இருக்கும் மண்? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மலையில் அப்படி நான் பார்த்ததே இல்லை.

தாத்தா கான் வெட்டும் வேலை. சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, மழையில் அடித்து வருகிற மண் அதில் தேங்கினதும் அள்ளித் திரும்ப மேலே செடித் தூரில் போடுவார்கள். "மலையில இருக்குறது ஒரு சாண் மண்ணுதான், அதுக்குக் கீழ கல்லு" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். கவ்வாத்து வெட்டின வாதுகளையும் (கிளைகளையும்) மலையிலேயே போட்டுவிடுவார்கள், விறகுக்கு அள்ளினால் கங்காணி ஏசுவார். சின்ன வயதில் அது சும்மா கெடுபிடி என்று நினைத்தேன். அப்புறம் இங்கே கொழும்பில் வேலைக்கு வந்து, பலகைப் பெட்டியில் கீரை போட்டு, அது அழுகினபோதுதான் அந்த வாது எதற்கு என்று புரிந்தது.

மண்வெட்டி_ஐயா:

நல்ல கேள்வி. அது ஒரு படம், அவ்வளவுதான். நீரும் வளியும் ஒரே அறையில் மாறிமாறிக் குடியிருப்பவை, மழை முடிந்த கையோடு வளி பூச்சியமாகும், ஒரு வாரம் காய்ந்தால் நீர் இறங்கும். 5 வீதம் சேதனமும் எங்கள் பக்கத்து வெக்கைக்கு எட்டாக்கனி. வெப்பம் 10 பாகை ஏறினால் உக்கும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், குளிர் நாட்டில் வருடக்கணக்கில் கிடக்கும் இலை கொழும்பில் இரண்டு மாதத்தில் காணாமல் போகும். அதனால் இங்கே சேதனப் பொருள் என்பது ஒருமுறை வாங்கிப் போட்டுவிடும் சாமான் இல்லை, வீட்டுக்கு அரிசி வாங்குவது மாதிரி. உங்கள் தாத்தா அள்ளி மேலே போட்ட மண் இருக்கிறதே, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மேல்மண் உருவாக ஆயிரம் வருடம் வரை எடுக்கும் என்கிறார்கள், அவர் ஒரு மண்வெட்டியில் எத்தனை தலைமுறையைத் தூக்கிப் போட்டார் என்று பாருங்கள்.

மருதானை_நானா:

அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன், எரு போடுங்கள் என்று! ஆனால் எனக்கும் ஒரு கேள்வி. என் சாடியில் விளிம்பு வரை நிரப்பினால் வருட முடிவில் நாலு விரல் இறங்கிவிடுகிறது. தேசிமரம் மண்ணைத் தின்றுதானே வளருகிறது? யூரியாப் போடாமல் மண்ணாலேயே வளர்க்கிறேன் என்று பெருமையாக வேறு சொல்லித் திரிகிறேன்.

மண்வெட்டி_ஐயா:

மரம் மண்ணைத் தின்பதில்லை நானா. வான் ஹெல்மொன்ட் என்று ஒருவர், அவர் இறந்தபிறகு 1648 இல் வெளியான பரிசோதனை இது. 200 இறாத்தல் காய்ந்த மண்ணை நிறுத்துத் தொட்டியில் போட்டு 5 இறாத்தல் வில்லோக் கன்றை நட்டு ஐந்து வருடம் மழைநீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 இறாத்தல். மண்ணைத் திரும்பக் காயவைத்து நிறுத்தால் குறைந்தது இரண்டு அவுன்ஸ்தான். தண்ணீர்தான் மரமானது என்று அவர் முடிவுகட்டினார், அது பிழை, காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு அவருக்குக் கணக்கில் வரவில்லை. ஆனால் அந்த இரண்டு அவுன்ஸ் இல்லாமலும் மரம் இல்லை.

உங்கள் சாடி இறங்குவது கொஹுபத்தும் எருவும் உக்குவதால். நுண்ணுயிர்கள் தின்றுவிட்டு மூச்சாக வெளியே விட்டுவிடுகின்றன. உங்கள் சாடியில் கனியம் குறைவு, அதனால் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது.

யூரியாவைப் பற்றி ஒரு வரி. நைதரசன் யூரியாவிலிருந்து வந்தாலும் மாட்டெருவிலிருந்து வந்தாலும் வேர் எடுப்பது பெரும்பாலும் நைத்திரேற்றாக அல்லது அமோனியமாகத்தான். யூரியாவில் 46 வீதம் நைதரசன், கொம்போஸ்டில் ஒன்று இரண்டு வீதம். 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி நவம்பரில் கைவிட வேண்டி வந்ததே, அந்த இடைவெளியை எருவால் நிரப்ப எவ்வளவு எரு வேண்டும் என்று ஒரு நாலாம் வகுப்புக் கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் யூரியா மண்ணைக் கட்டாது. பூஞ்சண இழையும் வேர் விடும் பசையும் புழுவின் எச்சமும்தான் களியையும் மணலையும் குறுணி குறுணியாக உருட்டி வைக்கும், குறுணிக்கு நடுவேதான் அந்தப் பெரிய துளை.

கொங்கிரீட்தம்பி:

மறுபடி 2021 க்குள் போக வேண்டாம், இழை திசைமாறிவிடும் 🙏

நானாவுக்கு ஒன்று. மாடியில் எத்தனை சாடி? நனைந்த மண் ஒரு கனமீற்றர் ஒன்றரை தொன்னைத் தாண்டும். ஸ்லாப்பில் கவனம்.

மருதானை_நானா:

அறுபத்திரண்டு. இப்போது நித்திரை போய்விட்டது தம்பி.

பொகவந்தலாவைப்பொண்ணு:

அக்கா, மழை விழுந்தபோது அந்தச் சிவப்பு மண்ணில் வாசம் வந்ததா? மண்வாசனை என்று நாம் சொல்வது ஸ்ரெப்ரோமைசிஸ் என்ற பற்றீரியா உண்டாக்கும் ஜியோஸ்மின் என்று படித்தேன். ஆழத்தில் தோண்டி எடுத்ததென்றால் அது இருக்காது என்று நினைக்கிறேன்.

தெஹிவளைக்காரி:

நீங்கள் கேட்டபிறகு போய் ரெண்டு இடத்திலும் தண்ணீர் தெளித்து முகர்ந்து பார்த்தேன், மாமியார் ஒரு மாதிரிப் பார்த்தார். மாமரத்தடி நல்ல வாசம். சிவப்பில் ஒன்றுமில்லை, ஈரச்சுவர் மாதிரி இருந்தது.

இன்னொன்றும் செய்தேன். ரெண்டிலும் காய்ந்த கட்டி ஒவ்வொன்று எடுத்துக் கண்ணாடிக் கிளாஸில் தண்ணீரில் போட்டேன். சிவப்புக்கட்டி ஒரு நிமிடத்தில் குமிழி விட்டுக் கரைந்து சேறாகிவிட்டது. மாமரத்தடிக் கட்டி அரை மணித்தியாலம் அப்படியே கிடந்தது.

மண்வெட்டி_ஐயா:

ஒருவரும் சொல்லித்தராமல் செய்தீர்களே! அந்த அரை மணித்தியாலம்தான் நான் சொன்ன பசை. ஒரு தேக்கரண்டி நல்ல மண்ணில் நூறு கோடி வரை பற்றீரியா இருக்கும், அவைதான் உங்கள் மேசன்மார்.

சும்மா_வாசிப்பவன்:

கொழும்புக் கறுவாத்தோட்டம் ஒரு காலத்தில் வெள்ளை மணலாமே? அப்போ கறுவா எப்படி வந்தது?

மண்வெட்டி_ஐயா:

உண்மைதான். 1816 இலிருந்து நாலு வருடம் இங்கே படை வைத்தியராக இருந்த ஜோன் டேவி அந்த மண்ணைப் பரிசோதித்து நூற்றுக்கு 98.5 பங்கு சிலிக்கா மணல் என்று எழுதியிருக்கிறார். சத்து கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஆனால் வேருக்குக் காற்று தாராளம், மழையும் நேரத்துக்கு. கறுவாவுக்கு அது போதும். வெண்டிக்குப் போதாது.

தெஹிவளைக்காரி:

கடைசி நிலவரம். போன வாரம் ஒரு மூலையில் ரெண்டரை அடி தோண்டிப் பார்த்தோம். மேலே நாலு அங்குலம் லொறிச் சிவப்பு. அதற்குக் கீழே யாரோ எப்போதோ போட்ட பழைய கிறவல், ஓட்டுத்துண்டு, உடைந்த பீங்கான், ஒரு சோடாப் போத்தல். அதற்கும் கீழே சாம்பல் நீலத்தில் சேறு, கூழ்முட்டை நாற்றம்.

மண்வெட்டி_ஐயா:

அந்தச் சாம்பல் நிறமும் அதே இரும்புதான் பிள்ளை. காற்றுப்பட்டால் சிவப்பு, தண்ணீருக்குள் மூச்சுமுட்டிக் கிடந்தால் சாம்பல். நாற்றம் ஐதரசன் சல்பைட்டு. உங்கள் வளவு முன்னே சதுப்பாகவோ வயலாகவோ இருந்திருக்கும். அதற்குள் வேரை இறக்கப் பார்க்காதீர்கள். மேலே ஒரு அடிக்குப் பாத்தியை உயர்த்துங்கள், மாமரத்தடி மண் இரண்டு மூன்று வாளி எடுத்துத் தூவுங்கள், அதிலுள்ள உயிர்கள் பரவட்டும். எருவும் சருகும் இரண்டு மாதத்துக்கொரு தடவை. அமிலத்தைக் குறைக்க டொலமைட் தூள் கொஞ்சம், எவ்வளவு என்பதை அமிலத்தன்மையைப் பரிசோதித்துவிட்டுத் தீர்மானியுங்கள். பாத்தியில் ஒருவரும் மிதிக்கக்கூடாது, ஓரத்தில் பலகை போட்டு நின்று வேலை செய்யுங்கள். ஒரு வருடம் கழித்துத் திரும்ப அந்த டின்னை அடித்துப் பாருங்கள்.

தெஹிவளைக்காரி:

டின்னைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பாத்தியை உயர்த்தச் சிவப்பில் பாதி போதும், மிச்சம் அரைக் கியூப் மதிலோரம் குவித்துக் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமா? இலவசம், லொறி உங்கள் செலவு.

கொங்கிரீட்தம்பி:

எனக்கு வேண்டும் அக்கா. முன்கேற் அடியில் பள்ளம் விழுந்திருக்கிறது. இறுக்கினால் ஜம்மென்று இருக்கும்.